மாதையன் வீட்டுப் படல்

தும்பைமட்டத்துப் பூச்செடிகளெல்லாம் ஒரே விடியலில் மாதையன் வீட்டுத் தோட்டத்துக்குக் குடிபோன அந்தப் பங்குனிக்கு முன்பு, அந்த ஊரில் யாரும் படலுக்குக் கொக்கி மாட்டியதில்லை. மாடு நுழையாமலிருக்க மூங்கில் படலைச் சும்மா சாத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். கொக்கி என்று ஒன்று இருந்ததே, வீடு கட்டிய கொத்தனார் மிச்சக் கம்பியை வீணாக்க மனமில்லாமல் வளைத்து அடித்துவிட்டுப் போனதால்தான். மாதையனும் தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் அதை மாட்டினார்.

மலைச்சரிவில் மேலிருந்து கீழாகப் படிபடியாக இறங்குகிற ஊர் அது. உச்சியில் தேயிலை ஃபேக்டரி, அதற்கடுத்தாற்போல் மாதையன் வீடு, நடுவில் மாரியம்மன் கோயில் வளைவு, கடைசியில் ஓடைப் பள்ளம். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு துண்டு நிலம் இருந்தது, அந்தத் துண்டு நிறைய டேலியாவும் ஜெரேனியமும் லில்லியும் சாமந்தியும், காலடியில் பொடிப்பிள்ளைகள் மாதிரி பேன்சியும் இருந்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வாசல் பூவைத்தான் பார்ப்பார்கள், பூ கருகிக் கிடக்கிற வீட்டில் காபித் தம்ளரைக் கையில் வாங்க யோசிப்பார்கள்.

கார்த்திகை பிறந்தால் உறைபனி இறங்கும். காட்டோரம் வளரும் மிலாறுக் குச்சிகளை ஒடித்துவந்து, தொப்பி போலப் பின்னி, மாலையானதும் செடிக்கு ஒன்றாகக் கவிழ்த்து, வெயில் ஏறியதும் எடுத்து வைப்பார்கள். சிவராத்திரிக்குக் கண்விழித்த மறுநாள் விடியற்காலையில் எல்லா வீட்டு மூடிகளும் கோயில் வளைவுக்கு வந்தாக வேண்டும், வந்து ஒரே நெருப்பில் எரிந்தாக வேண்டும். ஒரு வீட்டில் ஒரு மூடி தங்கினாலும், தனக்கு இன்னும் இங்கே படுக்கை இருக்கிறது என்று நினைத்துப் பனி திரும்பி வந்துவிடும் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. யார் முதலில் நம்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நெருப்பு அணைந்ததும் ஒருவர் வீட்டு அட்டாலிப் பரணை மற்றவர் எட்டிப் பார்க்கிற வழக்கம் மட்டும் இல்லை. அப்படிப் பார்ப்பது கேவலம் என்று ஊர் நினைத்தது.

மாதையன் ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போட்டவர். கோழி கூவும் முன் எழுந்து போய்ப் பழகிய உடம்பு, வேலை ஓய்ந்த பிறகும் அதே நேரத்துக்கு எழுந்தது. வீட்டுச் சுவரின் மேல் ஒரு பித்தளைத் தட்டத்தில் தண்ணீர் வைத்திருப்பார். விடியலுக்கு முன் அதில் விரலை வைப்பார், தண்ணீர் ஆடை கட்டியிருந்தால் சரிவைப் பார்த்து நின்று, "பனி விழுது! பனி!" என்று குரல் கொடுப்பார். மாலையில் மூட மறந்த வீட்டுக்காரர்கள் போர்வையோடு ஓடிவந்து செடிகளைப் போர்த்துவார்கள். அவர் குரல் கேட்காவிட்டால் பனி இல்லை என்று அர்த்தம். ஊரில் வேறு யாரும் தட்டம் வைக்கவில்லை, வைக்கத் தோன்றவும் இல்லை.

அந்த வருஷச் சிவராத்திரிக்கு நான்கைந்து மாதம் முன்பு அவர் மனைவி சிக்கம்மா காலமாகிவிட்டாள். போவதற்கு முன்பு, மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து, வரப்போகிற பனிக்கு மூடிகளைப் பின்னி அடுக்கிவிட்டுத்தான் போனாள். சிவராத்திரி விடியலில் அவற்றை எடுக்கப் போன மாதையனுக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு முடிச்சிலும் அவள் விரல் நின்றது. கோணிச்சாக்கில் தேயிலைச் சருகைத் திணித்து, மேலே நாலு மிலாறுக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டி, மற்றவர்களோடு வரிசையில் நின்று அதை நெருப்பில் போட்டார். மூடிகள் அட்டாலியில் இருந்தன. சிக்கம்மாவுக்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி, ஊரிலேயே பெரிய பூ பூக்கும் தன் டேலியாக்களைப் பற்றியது.

பங்குனி நடுவில் ஒரு நாள் வானம் துடைத்து வைத்த மாதிரி ஆனது, காற்று நின்றுபோனது. பனிக்காலம் போய்விட்டது என்று ஊர் நிம்மதியாகத் தூங்கியது. மாதையன் மட்டும் பழக்கத்தில் தட்டம் வைத்திருந்தார், பழக்கத்தில் எழுந்து வந்து விரலை வைத்தார். தண்ணீர் ஆடை கட்டியிருந்தது.

சரிவைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்தார். குரல் தொண்டை வரை வந்தது. கூப்பிட்டால் ஊர் எழும், எழுந்ததும் போன பனி எப்படித் திரும்பி வந்தது என்று கேட்கும், எந்த வீட்டில் மூடி தங்கியது என்று கேட்கும். முதலில் நம் செடியை மூடிவிட்டுப் பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தார். மூடி முடித்த பிறகு, தோட்டம் நிறைய மூடிகளை வைத்துக்கொண்டு எப்படிக் கூப்பிடுவது என்று நினைத்தார். ஒரு தப்பை மறைக்க இன்னொன்று தானாகவே வந்து கையில் உட்கார்ந்தது. படலைச் சாத்தினார், கொக்கியை மாட்டினார், உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் படலை யாரோ நகத்தால் சுரண்டுவது கேட்டது. பக்கத்து வீட்டு லிங்கம்மா வந்துவிட்டாள், பனியா அண்ணா என்று கேட்கப்போகிறாள் என்று மாதையன் மூச்சை அடக்கினார். சுரண்டல் நிற்கவில்லை. வாசலில் நின்று தட்டுகிறவர்கள் ஒரு கட்டத்தில் கோபப்படுவார்கள், இல்லையென்றால் போய்விடுவார்கள். இது இரண்டையும் செய்யாமல், அவர் உள்ளேதான் இருக்கிறார், எப்படியும் வருவார் என்று நம்பிக் காத்திருப்பது போல, விட்டு விட்டுச் சுரண்டியது. அதற்குப் பிறகு வேலியோரம் நெடுக, கல்யாண வீட்டுப் பாயில் ஜனங்கள் நெருக்கி உட்காருவது போலச் சரசரவென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. சுரண்டல் மெலிந்தது. பிறகு அதுவும் இல்லை.

வெளுத்ததும் மாதையன் கதவைத் திறந்தார். சரிவு முழுக்க உப்புக் கொட்டினாற்போல வெண்மை, அவர் தோட்டம் மட்டும் நிறையப் பூ. லிங்கம்மா வீட்டு டேலியாக்கள், பூசாரி ரங்கையன் வீட்டுச் சாமந்திகள், கோயிலுக்கு மேலும் கீழும் இருந்த அத்தனை வீட்டு லில்லியும் ஜெரேனியமும் வேலி இடுக்குகளில் நுழைந்து வந்து, சிக்கம்மா பின்னிய மூடிகளின் கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேர் இறக்கி நின்றன. பேன்சிகள் பெரிய செடிகளின் மடிக்குள் புகுந்திருந்தன. செடிகளைப் பார்த்து மாதையனுக்கு ஆச்சரியம் வரவில்லை, குளிர்கிறவர்கள் போர்வை இருக்கிற வீட்டுக்கு வருவது நியாயம்தானே என்றே தோன்றியது. அவர் கண் போனது படலுக்கு.

படலுக்கு வெளியே எஸ்தரின் ரோஜா நின்றது. ஓடைப் பள்ளத்தில் கடைசி வீடு எஸ்தருடையது. பால்வாடியில் ஆயாவாக இருந்தாள். கல்யாணமாகி வந்த கையோடு அவள் வைத்த பன்னீர் ரோஜா அது, ஆள் மணிக்கட்டுத் தடிமனுக்கு அடிமரம் பருத்தது, வேலி இடுக்கில் நுழைய முடியாதது. கறுத்துப்போயிருந்தது. ஒரு கிளை படலின் மூங்கிலுக்கு நடுவே வளைந்து உள்ளே வந்து, கொக்கிக்கு இரண்டு விரல்கடை கீழே உறைந்து நின்றது. மூங்கிலில் முள் கீறிய கோடுகள் மேலும் கீழுமாகக் கிடந்தன. வழி நெடுகப் பனியில் செடிகள் வேரை இழுத்து வந்த தடங்கள் இருந்தன, பள்ளத்திலிருந்து வந்த ஒற்றைத் தடத்தின் மேலேதான் மற்றெல்லாத் தடங்களும் ஏறிக் கிடந்தன. குளிர் முதலில் தேங்குவது பள்ளத்தில். அதனால் முதலில் கிளம்பியது அந்த ரோஜா. அவ்வளவு தூரம் ஏறி, எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்ததும் அதுதான்.

கீழே ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாதையன் கொக்கியை எடுத்தார், ரோஜாவின் அடிமரத்தைப் பிடித்துத் தூக்கினார், முள் உள்ளங்கையில் ஏறியதையும் பாராமல் கோயில் வளைவு வரை இழுத்துப்போய், பாதி வழியில் தளர்ந்து நின்றுவிட்ட மாதிரி நடுரோட்டில் சாய்த்து வைத்துவிட்டு, திரும்பி வருகையில் தடத்தைக் காலால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

முதலில் வந்தவள் லிங்கம்மா. "மாதண்ணா, எங்க டேலியாவைக் காணோம்ங்ணா, குழி மட்டும் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் படலருகே நின்றாள். "அடியாத்தி! இங்க வந்து உக்காந்திருக்கிறியா மகராசி? சொல்லிட்டு வர்றதில்லையா?"

பின்னாலேயே ஊர் வந்தது. வெயில் படும் முன் தண்ணீர் தெளித்தால்தான் பனி கடித்த இலை பிழைக்கும் என்பதால், அவரவர் செடி எது என்று பாராமல் ஆளுக்கொரு குடம் எடுத்துத் தெளித்தார்கள். தெளித்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் ஒருவர் கேட்டார்: "அது சரிங்ணா, மூடி ஏதுங்க?"

மாதையன் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"கேக்குற கேள்வியப் பாரு" என்றார் பூசாரி ரங்கையன். "பங்குனியில பனி வரும்னு ஆத்தா சொல்லியிருப்பா. மனுசன் எடுத்து வெச்சிருக்காரு. ஊர்ல சொன்னா நாம நம்பியிருப்போமா? சிரிச்சிருப்போம். ஏனுங் மாதையா, அப்படித்தானே?"

மாதையனின் தலை அசைந்தது. ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம். ஊர் ஆமென்று எடுத்துக்கொண்டது.

எஸ்தர் எல்லோருக்கும் பின்னால் வந்தாள், எப்போதும் போல. பஸ் கிளம்பின பிறகு வளைவுக்கு வருகிறவள், பூசை முடிகிற நேரத்துக்குச் சர்ச்சுக்குள் நுழைகிறவள், திருப்பூருக்குப் போன கணவன்கூட வருகிறேன் என்று சொன்ன மாதத்துக்கு அடுத்த மாதம்தான் வருவான் என்று ஊர் அவளைக் கிண்டல் செய்யும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அன்று தோட்டத்தில் செடி செடியாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி வரை பார்த்துவிட்டு, "எங்களுது?" என்றாள்.

"வளைவுல நின்னுருச்சு அம்மிணி" என்றாள் லிங்கம்மா. "வர்றப்ப நீ பாக்கலையா? பாதி வழியிலயே. உன்னாட்டமேதான், போ."

சிலர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. எஸ்தரும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "செடிக்கு எங்கக்கா புத்தி வரும், வளத்தவ சீரு அப்படி." பிறகு மாதையனிடம் திரும்பி, விருந்துக்குப் போன இடத்தில் தட்டைத் தட்டிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்பவள் போன்ற முகத்தோடு சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. ஊருச் செடியெல்லாம் வந்து சேந்துருச்சு. உங்க வாசல் வரைக்கும் வர அதுக்குத்தான் குடுத்து வெக்கல."

மாதையனின் உள்ளங்கைக்குள் ரத்தம் பிசுபிசுத்தது.

அதற்குப் பிறகு ஊர் அந்த அதிசயத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. ஆளாளுக்குத் தங்கள் செடியைத் தோண்டிக் கொண்டுபோய் வாசலில் வைத்துப் பார்த்தார்கள், மறுநாள் காலையில் குழி காலியாகக் கிடந்தது, செடி மாதையன் தோட்டத்தில் தன் பழைய இடத்தில் நின்றது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும், கட்டிக்கொடுத்த பெண் என்று நினைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் பெண்ணைப் பார்க்கப் போகிற முறையிலேயே காலையில் வந்தார்கள். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஆளுக்கொரு கை சாம்பலோ சாணமோ கொண்டுவந்து வேரில் போட்டார்கள். எச்சில் டீயை ஊற்றிப் பழகிய ஒருவரின் ஜெரேனியம் அவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவர் தினமும் நல்ல தண்ணீரோடு வந்து நின்று சமாதானம் பேசினார். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டு லில்லிகள் வேரைப் பின்னிக்கொண்டு நிற்க, எந்தப் பூ யாருடையது என்று கேட்கவாவது அந்த வீட்டுக்காரர்கள் பேசவேண்டி வந்தது. தோட்டக்கலை ஆபீஸிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து, நெருக்கி நட்டிருக்கிறீர்கள், இடைவெளி போதாது என்று சொல்லிவிட்டுப் போனார். சிக்கம்மாவின் மூடிகளைக் கோயிலுக்கு எடுத்துப்போய் மஞ்சள் தடவி அம்மன் காலடியில் அடுக்கினார்கள். இனி வருஷா வருஷம் ஊருக்காக ஒரு வீட்டில் மூடியை எடுத்து வைக்க வேண்டும், அதற்கு மாதையன் பங்கு என்று பெயர் வைக்க வேண்டும் என்று பேச்சு நடந்தது.

மாதையனுக்கு வீட்டை விட்டு வெளியே வரவே கூசியது. பூக்கள் பொதுவாக வெயிலைப் பார்க்கும். அவர் தோட்டத்துப் பூக்கள் வெயிலைப் பார்க்காமல் அவர் வீட்டுக் கதவைப் பார்த்தன. கதவைத் திறந்தால் அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன, நன்றியோடு. திட்டுகிற முகமாக இருந்தால் தாங்கியிருப்பார். பின்கட்டு வழியாகப் போய் வந்தார். தண்ணீர் ஊற்றும்போது தலையை நிமிர்த்தாமல் ஊற்றினார். உள்ளங்கையில் முள் ஏறிய இடம் ஆறிவிட்டது, ஆனால் யாராவது அவரைக் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிட இரண்டு கையும் சேருகிறபோது அந்த இடம் மட்டும் ஐஸைத் தொட்டது போலச் சில்லென்றது.

எஸ்தர் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பார்த்துப்போக அவளுக்கு அங்கே செடி இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் கோயில் வளைவில் பால்வாடிப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்ததை மாதையன் பார்த்தார். புது விளையாட்டு. எல்லோரும் கையைத் தலைக்கு மேல் பூவாக விரித்துக்கொண்டு மேலே ஓட வேண்டும், ஒரு பிள்ளை மட்டும் பாதி வழியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு தொங்கிவிட வேண்டும். அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்று மற்றதெல்லாம், "எஸ்தர் ரோசா, ஏன் லேட்டு, எஸ்தர் ரோசா, ஏன் லேட்டு" என்று கைதட்டின. பால்வாடி வாசலில் எஸ்தர் நின்றிருந்தாள். மாதையன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணுக்கு ஏறவில்லை. "பாருங்கண்ணா, பாட்டே கட்டிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், நெடுநேரம் ஏதோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குரிய பெருமையை எடுத்துவிட்டு, தன்னுடைய வெட்கத்தை அவள் தலையில் வைத்துவிட்டோம் என்பது மாதையனுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. அவள் அதை இறக்கிவைக்கத் தெரியாமல், தன்னுடையதுதான் என்று நம்பிச் சுமந்துகொண்டிருந்தாள்.

சித்திரையில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டினார்கள். மதம் பார்க்காமல் எல்லா வீட்டிலிருந்தும் பூத்தட்டு போகிற நாள். எஸ்தரின் தட்டு ஒவ்வொரு வருஷமும் பன்னீர் ரோஜாவால் நிறைந்திருக்கும், அந்த வாசனைக்கே அம்மன் முதலில் அவள் தட்டைத்தான் பார்ப்பாள் என்று லிங்கம்மாவே சொல்வாள். இந்த வருஷம் அவள் கடைசியில், தட்டில் வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் மட்டும் வைத்து, அது தெரியாமலிருக்க மேலே கையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். மாதையனைச் சந்நிதிக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். ஊர்ப் பூவைக் காப்பாற்றியவருக்குப் பரிவட்டம். ரங்கையன் பட்டுத்துணியை அவர் நெற்றியில் வைத்து ஒரு சுற்று சுற்றினார், மேளம் ஏறியது.

"நிறுத்துங்க" என்றார் மாதையன்.

மேளக்காரர்கள் கேட்கவில்லை. அவர் கையை உயர்த்தினார். மேளம் தடுமாறி நின்றது.

"எஸ்தரு ரோசாதான் மொதல்ல வந்துச்சு" என்றார்.

"என்னங் மாதையா?" என்றார் ரங்கையன்.

"மொதல்ல வந்தது அதுதான். எல்லாத்துக்கும் முந்தி வந்துச்சு. எம் படல்ல நின்னு சொரண்டுச்சு. நான் கொக்கி போட்டிருந்தேன். உள்ள உக்காந்துட்டு இருந்தேன். காதுல விழுந்துச்சு, எந்திரிக்கல." மூச்சு வாங்கியது. "பனி விழுந்ததும் தெரியும். மூடி வெச்சிருக்கறது தெரிஞ்சு போயிரும்னு ஊரைக் கூப்பிடல. ஆத்தா சொல்லியெல்லாம் எடுத்து வெக்கல, நெருப்புல போடாம ஏமாத்துனேன். காலைல ரோசாவைத் தூக்கி வளைவுல போட்டதும் நான்தான்." அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காட்டிய பிறகு, அதை எதற்குக் காட்டினோம் என்று தெரியாமல் மடக்கிக்கொண்டார்.

பரிவட்டத் துணியின் மறுமுனை ரங்கையன் கையில் இருந்தது, கட்டவும் முடியாமல், அவிழ்க்கவும் தெரியாமல் அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். லிங்கம்மா தரையைப் பார்த்தாள். ஊர் தன் மீது ஒரு கல்லாவது எறியும் என்று மாதையன் காத்திருந்தார். கூட்டத்தின் கடைசியில் ஒரு தட்டு தரையில் விழுந்து, எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது.

"மொதல்லயாங்ணா?" என்றாள் எஸ்தர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தாள். "எங்களுதா? நெசமாவா?"

"ஆமா அம்மிணி. மத்த தடமெல்லாம் அது தடத்து மேலதான் கெடந்துச்சு."

அவள் வேறெதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கொக்கியை, மூடியை, வளைவை, எதையும் அவள் முகம் வாங்கிக்கொள்ளவில்லை. "மொதல்ல வந்துச்சாம்க்கா" என்று லிங்கம்மாவிடம் சொன்னாள். "பள்ளத்துல இருந்து. அத்தன தொலைவு ஏறி." பக்கத்தில் நின்றவளிடமும் சொன்னாள், அதற்கடுத்தவளிடமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் அழ ஆரம்பித்தாள், அழுகையோடேயே சொல்லிக்கொண்டு போனாள். மாதையன் நெற்றியில் ஒரு சுற்று மட்டும் சுற்றிய துணியோடு நின்றார். கடைசியில் ரங்கையன் அதை மெல்ல உருவி மடித்துத் தட்டில் வைத்தார். கோபமாக அல்ல, காய்ச்சல்காரன் நெற்றியிலிருந்து ஈரத்துணியை எடுப்பது போல.

மறுநாள் விடியலில் மாதையன் கதவைத் திறந்தபோது தோட்டத்தில் அவருடைய டேலியாக்கள் மட்டும் நின்றன. மற்ற இடமெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். சரிவு நெடுகச் செடிகள் அவரவர் வாசலுக்குத் திரும்பியிருந்தன. மூடிகளை யாரோ மஞ்சளைத் துடைத்து அவர் சுவரோரம் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று யாரும் சொல்லவில்லை. அவரைத் திட்டவும் இல்லை, தள்ளிவைக்கவும் இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், டீக்கடையில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள், "சாப்டீங்களாண்ணா" என்று கேட்டார்கள். ஆனால் அந்தக் கார்த்திகை பிறந்தபோது, அவர் சுவரோரம் நின்று சரிவைப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டுச் சுவரின் மேலும் ஒரு தட்டம் இருந்தது. பித்தளை, அலுமினியம், சில வீட்டில் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு. யாரும் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை.

எஸ்தர் கார்த்திகைக்கு முன்பே வந்திருந்தாள். வளைவோரம் கிடந்த கறுத்த அடிமரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, மாதையன் படலுக்கு வெளியே, அது நின்ற இடத்திலேயே குழி பறித்து நட்டாள். "இங்க வரோணும்னுதானே வந்துச்சு, இங்கயே நிக்கட்டும்ங்ணா" என்றாள். தினமும் சாயங்காலம் பள்ளத்திலிருந்து குடத்தோடு ஏறிவந்து தண்ணீர் ஊற்றினாள். அது துளிர்க்கவில்லை. அவள் துளிர்க்குமா என்று கேட்கவும் இல்லை. பழையதைப் பேசாமல், பால்வாடியில் இன்றைக்கு யார் யாரைக் கடித்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவாள். மாதையன் கொக்கியைக் கழற்றி ஓடையில் எறிந்திருந்தார். காற்றடித்தால் படல் மூங்கில் தூணில் போய் மோதும், ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து வந்து பார்ப்பார்.

மார்கழியில் முதல் பெரும்பனி இறங்கிய விடியலில், தட்டத்தில் விரல் வைத்த மாதையன் சரிவைப் பார்த்து நின்று, நெஞ்சு வலிக்கக் கூப்பிட்டார். "பனி விழுது! பனி!"

"பாத்துட்டோம்ங்ணா" என்று ஒரு வீட்டிலிருந்து குரல் வந்தது.

"மூடியாச்சுங்க, நீங்க போய்ப் படுங்க" என்றது இன்னொன்று. மரியாதையான குரல். எல்லா வாசலிலும் மூடிகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன.

அவர் குரல் கேட்டு எழுந்து வந்தவள் ஒருத்திதான். பள்ளத்திலிருந்து மூச்சிரைக்க, ஒரு பழைய சேலையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு எஸ்தர் ஏறிவந்தாள். படலருகே வந்து நின்று, பட்டுப்போன அந்தக் கட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"லேட்டாயிருச்சாங்ணா?"

"இல்ல அம்மிணி" என்றார். "நீதான் மொதல்ல."

அவள் சேலையைக் கட்டையின் மேல் போர்த்தினாள். மாதையன் உள்ளே போய், டேலியாவின் மேலிருந்து சிக்கம்மா பின்னிய மூடிகளில் பெரியதாக ஒன்றை எடுத்து வந்து, சேலைக்கு மேலே கவிழ்த்தார். எஸ்தர் இரண்டு பக்கமும் மண்ணை அணைத்துவிட்டு, பால்வாடிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்று கீழே இறங்கிப் போனாள்.

அவர் வீட்டுக்குள் போகவில்லை. திறந்த படலுக்கு வெளியே, ரோஜா நின்ற இடத்தை ஒட்டி, காற்று எடுத்துப்போய்விடாமல் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை பனியிலேயே நின்றுகொண்டிருந்தார்.